ஓர் எஃகுக் கலத்தைக் கட்டிக் காத்த வரலாறு

மனித குலத்தில் இரண்டே வகையினர்தாம் உண்டு. பொருள்களைப் பாதுகாப்பவர்கள் ஒரு வகை. பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு வகை. உலகத்தில் இதுவரை உடைந்தது, கிழிந்தது, தேய்ந்தது, துருப்பிடித்தது எல்லாமே இரண்டாம் வகையினரின் கைங்கரியம் என்று எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்து சொல்வேன். நான் முதல் வகை. அதிலும் முதல் ஆள்.

இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பண்டகசாலைக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எல்லோரும் 'ஸ்டோர்ஸ் சார்' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ கூப்பிடுவார்கள், அது இங்கே வேண்டாம். என் பண்டகசாலையில் நாற்பது புது நாற்காலிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஜம்மென்று நிற்கின்றன. ஊழியர்கள் கால் ஆடும் பழைய நாற்காலிகளுக்குக் கோப்புகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்து கொள்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒருமுறை தீப்பிடித்தபோது, தீயணைப்பான்கள் பன்னிரண்டும் என் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தன. தீயைக் குடிதண்ணீராலும் யாரோ ஒருவருடைய கோட்டாலும் அணைத்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில், 'இவ்விபத்தில் தீயணைப்பான் எதற்கும் சேதமில்லை' என்று எழுதியது. அந்த வரியைச் சட்டம் போட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.

என் மனைவி இரண்டாம் வகை. அவளைக் குறை சொல்லக் கூடாது, அவள் தொழில் அப்படி. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அங்கே அவளுக்குப் பெயர் 'கொசு அக்கா'. குத்தினதே தெரியாது என்பதால் வந்த பட்டம். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்தி, நோயாளியைக் கதற வைத்து, கடைசியில் "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வருவாள். முழங்கை மடிப்பில் விரலை வைத்து ஒரு தடவு. "அட, இதோ இருக்கே!" என்பாள். வேலை முடிந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலின்போது என்னையும் அப்படித்தான் குத்தினாள். வலிக்கவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் குடும்ப விவகாரம்.

போன வருடம் பரிசோதனைக்கூடத்தின் ஈரப் படிக்கட்டில் அவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு சேர்ந்திருந்தது. விரல்கள்தான் 'ஒத்துழைக்க' மறுத்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ பரவாயில்லை. நடுவிரல் பாதி வழியில் நின்றது. மோதிர விரல் எதற்கும் அசையவில்லை.

பரிசோதனைக்கூடத்துத் தலைமை டாக்டர் நல்ல மனிதர். "மூணு மாசம் எடுத்துக்கோங்கம்மா. அதுக்கப்புறம் என் கையிலயே ஒரு குத்து குத்திக் காமிங்க. சரியா வந்தா பழைய நாற்காலி உங்களுக்குத்தான். வரலேன்னா ரிசப்ஷன்ல டோக்கன் குடுக்க ஆள் வேணும், அங்க உக்காருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். "டோக்கன் குடுக்கவாங்க நான் பதினெட்டு வருஷம் கத்துக்கிட்டேன்? நம்பர கூப்பிடறதுக்கு ஒரு மெஷின் போதுமே!"

எனக்கு மனசு கேட்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும்போது உதவும்.

இயன்முறை மருத்துவர், அதாவது விரல்களை மடக்கி நீட்டி வேலை வாங்கும் அம்மாள், அவளுக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார். இரண்டே நாளில் அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது. மேஜையில் தட்டச் சொன்னார். "கட்டையில தட்டுனா யாரோ கதவத் தட்டற மாதிரியே இருக்கு மேடம், எந்திரிச்சுப் போய்ப் பாத்துடறேன்" என்றாள் என் மனைவி.

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குப் பதில் சொல்ற மாதிரி ஏதாவது வேணும். ஹேண்ட்பேன்னு ஒரு வாத்தியம் இருக்கு, பாத்திருக்கீங்களா? இரும்புச் சட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கும், மடியில வச்சு விரலால தட்டறது. லேசாத் தொட்டாலே போதும், பாடும். தினம் அரை மணி. இந்த மூணு மாசம் ரொம்ப முக்கியம்மா. மூட்டு இறுகிப்போச்சுன்னா அப்புறம் நான் குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காது."

மறுநாளே விசாரணையில் இறங்கினேன். கடையில் கிடைக்கும் சரக்கல்ல அது. ஒருவர் தன் பட்டறையில் எஃகுத் தகடு இரண்டைச் சுத்தியலால் வாரக்கணக்கில் தட்டித் தட்டிக் கிண்ணமாக்கி, விளிம்போடு விளிம்பு ஒட்டி, மேலே நடுவில் ஒரு குமிழும் சுற்றிலும் எட்டுப் பள்ளங்களுமாக ஒன்பது சுரங்களைக் கையாலேயே சேர்க்கிறார். வருடத்துக்குப் பதினைந்துதான் செய்வாராம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மாட்டார். 'இது உங்களுக்கு எதற்கு?' என்று கடிதம் எழுத வேண்டும். கடிதம் பிடித்தால்தான் கருவி.

கடிதம் எழுதுவதில் எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? பொருள், பார்வை, இணைப்பு என்று முறைப்படி எட்டுப் பக்கம் எழுதினேன். கருவி வைக்கப்படவுள்ள அறையின் நீள அகலம், ஜன்னல்களின் திசை, என் பணிக்காலச் சாதனைகள், தீ விபத்து அறிக்கையின் நகல் எல்லாம் சேர்த்தேன். ஒட்டுவதற்கு முன் என் மனைவி வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் இடது கையால் கோணல்மாணலாக ஒரு வரி கிறுக்கினாள்: 'என் விரலுக்கு வேண்டும்.' அழகான கடிதத்தைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு உள்ளூர வருத்தம்.

பத்தே நாளில் வரச் சொல்லிப் பதில் வந்தது. என் எட்டுப் பக்கத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் குட்டையான மனிதர். காது இரண்டிலும் பஞ்சு. என் மனைவியின் கையை வாங்கி, மோதிர விரலை மெல்ல அசைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கருவியை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

"இதத் தனியா லேசாச் செஞ்சிருக்கேன்மா. இலை விழுந்தாக்கூடச் சத்தம் வரும். அந்த விரலால தொடுங்க."

அவள் தொட்டாள். தட்டினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விரல் தானாக விழுந்தது, அவ்வளவுதான். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல ஒரு சத்தம் எழுந்து, அறை முழுக்கச் சுற்றி, மெல்ல அடங்கியது. அவள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை தொட்டாள். பிறகு சிரித்தாள். மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வலிக்குதா?" என்றார் பட்டறைக்காரர்.

"தெரியலீங்க. கவனிக்கவே இல்ல!"

நான் பேனாவை எடுத்தேன். "பராமரிப்பு விதிமுறைகளச் சொல்லுங்க."

"தினம் தட்டணும். தட்டி முடிச்சதும் துணியால துடைச்சு வைக்கணும். அவ்வளவுதான் சார்."

"அது எப்படி அவ்வளவுதான் ஆகும்? வேர்வை பட்டா?"

"உப்பு இருக்கில்ல, விட்டா துரு புடிக்கும். அதான் துடைக்கச் சொன்னேன்."

"மோதிரம்?"

"கழட்டிட்டுத் தட்டறது நல்லது."

"ஈரக் காத்து? வெயில்? தைலக் கை? கீழ விழுந்தா?"

அவர் பாவம், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பதினாறு விதிகள் தேறின. 'தினம் தட்டணும்' என்பதை மட்டும் விதிகளில் சேர்க்கவில்லை. 'பொதுவான அறிவுரைகள்' என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் போட்டேன்.

வீட்டின் முன்னறை அன்றைக்கே 'பாதுகாக்கப்பட்ட பகுதி' ஆயிற்று. ஜன்னல்களுக்குத் தடித்த திரை. காற்றின் ஈரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று. தெரிந்தவர்கள் வீட்டுச் செருப்புப் பெட்டிகளிலிருந்தெல்லாம் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் திரட்டி வந்து கருவியைச் சுற்றி அணிவகுத்தேன். மழை நாளில் குடையோடு வந்த மைத்துனனை வாசலிலேயே நிறுத்தி, ஜன்னல் வழியாக நலம் விசாரித்து அனுப்பினேன். அவன் அதற்கப்புறம் வரவில்லை. அறையின் ஈரம் இரண்டு புள்ளி குறைந்தது.

முதல் நாள் மாலை என் மனைவி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும் உற்சாகத்தோடு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அவள் மணிக்கட்டு பளபளவென்று மின்னியது.

"நில்லு, நில்லு! கையில என்ன?"

"தைலம்ங்க. அந்தம்மா தடவச் சொன்னாங்களே."

"விதி ஒன்பது! கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தாள்.

"இன்னும் ஈரமா இருக்கே? இருபது நிமிஷம் காயட்டும்."

இருபது நிமிடம் கையை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் வலி வந்துவிட்டது, தைலம் தடவ வேண்டியதாயிற்று.

"துணிக் கையுறை போட்டுக்கிட்டா என்ன?" என்று நானே ஒரு வழி சொன்னேன். போட்டுக்கொண்டு தட்டினாள். தலையணையைத் தட்டுவது போலிருந்தது. அதில் எனக்குப் பூரணத் திருப்தி.

"ஏங்க, சத்தமே வரலையே!"

"சத்தம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். எஃகு நிரந்தரம்."

"எனக்காகத்தானே வாங்கினது?"

"உனக்காகத்தானே பாதுகாக்கறேன்!"

இந்த இடத்தில் என் பெருந்தன்மையை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஒருநாளும் 'தொடாதே' என்று சொன்னதில்லை. தடை விதிப்பது கொடுங்கோலர்கள் வேலை. நான் வெறுமனே ஒரு 'தொடுதல் விண்ணப்பம்' தயாரித்தேன். அரைப் பக்கம்தான். கை கழுவிய நேரம், உலர்ந்த நேரம், கடைசியாகத் தடவிய தைலத்தின் பெயர், தட்டவிருக்கும் விரல்கள், தட்டுவதற்கான காரணம்.

முதல் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் அவள், 'விரல் மடங்கல' என்று எழுதினாள். 'காரணம் போதுமான அளவு விளக்கப்படவில்லை' என்று சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பினேன். பழக்கதோஷம். இரண்டாவதில், 'எனக்கு வேலைக்குப் போகணும்' என்று எழுதினாள். கருவியின் பராமரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லாததால் நிலுவையில் வைத்தேன். மூன்றாவதில் அவள் எழுதியதை இங்கே அச்சிட முடியாது.

அதற்கப்புறம் விண்ணப்பம் வரவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் 'டொக் டொக்' என்று தட்டிப் பார்த்தாள். பிறகு அதுவும் நின்றது. 'குடும்பத்தினர் முழு ஒத்துழைப்பு நல்கி வருகிறார்கள்' என்று என் நாட்குறிப்பில் எழுதினேன்.

தனி மனிதனாக இவ்வளவு சாதித்தவன் ஓர் அமைப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் இந்தக் கருவி வைத்திருப்பவர்கள் பதினொரு பேர் சேர்ந்து, 'எஃகு நாதக் கல உரிமையாளர் பேரவை' நடத்தி வந்தார்கள். மாதம் ஒரு கூட்டம், கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டு ஹாலில். அவர்தான் தலைவர். எல்லோரும் தத்தம் கருவியை மூன்று அடுக்கு உறையில் கொண்டு வருவோம். உறையைப் பிரிப்பதில்லை. எந்த எண்ணெய் துருவைத் தடுக்கும், எந்தத் துணி கீறாது, கருவியைக் காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் போடலாமா, அப்போது மனைவி எங்கே உட்காருவது என்பன போன்ற 'வாழ்வியல்' கேள்விகளை மூன்று மணி நேரம் விவாதிப்போம். மெழுகு அணிக்கும் எண்ணெய் அணிக்கும் ஒருமுறை கைகலப்பு நடக்க இருந்தது. கருவிகள் பக்கத்தில் இருந்ததால் இரு தரப்பும் கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டன.

நான் சேர்ந்த இரண்டாவது கூட்டத்திலேயே ஒரு பெரிய விவகாரம் வெடித்தது. உறுப்பினரான பல் மருத்துவர் தன் கருவியை வாசித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் கேட்டு, சாட்சி சொல்லவும் தயாராக இருந்தார்.

"எத்தன நிமிஷம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஒரு ஆறு நிமிஷம் இருக்கும்."

"கையாலயா?"

"வேற எதாலங்க தட்டறது?"

"எதிர்க் கேள்வி வேணாம் டாக்டர். கையாலயா, இல்லையா?"

"கையாலதான்."

ஹாலில் பெருமூச்சு எழுந்தது. ஒருவர் தன் கருவியின் உறையை இன்னொரு சுற்று இழுத்து மூடினார். யோகா சொல்லித் தரும் அம்மாள் மட்டும் முன்னால் குனிந்து, "நல்லா இருந்துச்சா டாக்டர்?" என்று ரகசியமாகக் கேட்டார். அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. பல் மருத்துவர் ஆறு மாதம் 'ஓய்வில்' வைக்கப்பட்டார். அவர் வகித்த பராமரிப்புச் செயலாளர் பதவி என்னைத் தேடி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றாள்.

"இன்னும் எத்தன நாளு இருக்கு உன் தேர்வுக்கு?"

"முப்பத்தொண்ணு."

"அட, நிறைய இருக்கே!"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். 'மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை' என்று நானே பொருள் கொண்டேன்.

இனி வருவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பேரவையின் ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவிக்கப்பட்டது. அதில் 'சிறந்த பராமரிப்பாளர்' விருது உண்டு. நடுவராக அந்தப் பட்டறைக்காரரே வருகிறார். எங்கள் கருவிகளெல்லாம் அவர் செய்தவைதாமே. அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தலைமை டாக்டர் தன் கையை நீட்டிக்கொண்டு என் மனைவிக்காகக் காத்திருப்பார்.

"நீங்க கூட வந்தா நல்லா இருக்கும்ங்க. தனியாப் போகப் பயமா இருக்கு" என்றாள்.

"வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா செயலாளரே போகலேன்னா பேரவை என்ன நினைக்கும்?"

"ஆமா. பேரவை என்ன நினைக்கும்."

அன்று எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் தேர்வுக்குப் புறப்பட்டோம். அவள் பேருந்தில். நானும் கருவியும் காரில். கருவிக்கு பெல்ட் போட்டிருந்தது.

ஹாலில் என்னுடையதோடு பன்னிரண்டு கருவிகளும் வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பட்டறைக்காரர் காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். 'ஓய்வில்' இருந்தாலும் பார்வைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட பல் மருத்துவரின் கருவியில் லேசாக ஒரு துருப்புள்ளி இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்று, கட்டை விரலால் அதைத் தடவிச் சிரித்துக்கொண்டார். ஏளனச் சிரிப்பு என்று நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம்.

என் மேஜைக்கு வந்தார். மோதிர விரலால் ஒரு பள்ளத்தைத் தொட்டார். கேட்டார். அடுத்ததைத் தொட்டார். ஒன்பதையும் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்குச் சுருதி சேக்க வேண்டியதே இல்ல. என் பட்டறையிலருந்து எப்படிப் போச்சோ அப்படியே இருக்கு."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுல யாரும் தட்டவே இல்ல" என்றார் அவர், கைத்தட்டல் ஓய்ந்ததும். மறுபடியும் கைத்தட்டினார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் பேரவை அகராதியில் கிடையாது.

அவர் மட்டும் கைத்தட்டவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். "அந்தம்மா எங்க சார்? விரல் எப்படி இருக்கு?"

"இன்னிக்கு அவங்களுக்கும் ஒரு தேர்வு. இந்நேரம் நடந்துக்கிட்டிருக்கும். இந்தாங்க, ஈரப்பதப் பதிவேடு. ஒரு நாள்கூட விடல."

"நான் அவங்களுக்குன்னுதான் அதச் செஞ்சேன். உங்க எட்டுப் பக்கத்த நான் படிக்கவே இல்ல. அடியில இருந்த ஒரு வரியப் பாத்துட்டுத்தான் மத்தவங்களயெல்லாம் தள்ளி வச்சுட்டு உங்களக் கூப்பிட்டேன். ஒரு வாரம் சார், லேசா வரணும்னு ராத்திரி பகலா ஒரு வாரம் தட்டினேன்."

கலைஞர்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்கள். கேடயத்தை அவர் தரவில்லை, பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தலைவர் கையால் வாங்கிக்கொண்டேன்.

கேடயத்தோடு வீட்டுக்கு வந்தபோது அவள் வந்து உடைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து போன இரண்டு பேரில் ஒருவர்தான் தேறியிருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கேடயத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கொஞ்சம் பெரிய கேடயம், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"நரம்பக் கண்டுபுடிச்சுட்டேன்ங்க. ஊசியும் உள்ள போச்சு. குழாய மாத்தறப்ப இந்த ரெண்டு விரலும் புடிக்கல. நழுவிருச்சு. டாக்டர் கையெல்லாம் ரத்தம். அவர் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. 'பரவால்லம்மா, பரவால்லம்மா'ன்னார். அந்தப் பரவால்லதான் எனக்குத் தாங்கல."

நான் நின்றுகொண்டே இருந்தேன். என் பணி வாழ்க்கையில் முதல் முறையாகக் குறிப்பெழுத ஒன்றும் தோன்றவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்கு. உங்க பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு எடுத்துத் தட்டியிருக்கணும். இல்ல, அந்த மேஜையவாவது விடாமத் தட்டியிருக்கணும். தட்டல. அந்தப் பட்டறையில சத்தம் கேட்ட அன்னிக்கு மட்டும்தான்ங்க எனக்கு வலியே தெரியல. அதையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். இன்னிக்கு விடுவார், நாளைக்கு விடுவார்னு."

உடனே முன்னறைக்குப் போனேன். உறை மூன்றையும் பிரித்தேன். கருவியைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தேன். கை கழுவச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் நிபந்தனையில்லாமல் வழங்கிய முதல் பொருள் அதுதான்.

அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"மூட்டு இறுகிப்போச்சுன்னு அந்தம்மா போன வாரமே சொல்லிட்டாங்க. இனிமே எதுக்கு? துடைச்சு உள்ள வைங்க."

துடைத்து உள்ளே வைத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள். இடது கையால் டோக்கன் கொடுக்கப் பழகிக்கொண்டாள். 'மாறிய சூழலுக்குத் தன்னைச் சிறப்பாகத் தகவமைத்துக் கொண்டார்' என்று எழுதலாம். எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. ரத்தம் கொடுக்க அந்தப் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். என் மனைவி நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கொடுப்பது போல எனக்கும் ஒரு டோக்கன் கொடுத்தாள். நாற்பத்திரண்டு.

அவளுடைய பழைய நாற்காலியில், வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண்மணி இருந்தார். நல்ல பெண்மணிதான். முழங்கையில் குத்தினார். எடுத்தார். அந்தப் பக்கம் குத்தினார். எடுத்தார். மூன்றாவது குத்தில் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. நான்காவதில் வாய்விட்டே கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் அலுவலகத்துக்காரர்கள்.

"ரத்தம் வர மாட்டேங்குது சார்" என்றார் அவர் கவலையோடு.

"வராதும்மா" என்றாள் ரிசப்ஷனிலிருந்து என் மனைவி, தலையைத் தூக்காமலே. "அவருகிட்ட இருக்கறது எதுவும் லேசுல வெளிய வராது."

எங்கள் அலுவலகத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பைச் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடம் அடக்கி வைத்திருந்தது போலச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன்.

அவள் எழுந்து வந்தாள். என் கையை வாங்கி, பழுதாகாத அந்த ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து ஒரு தடவு தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே வந்தாள். நின்றாள்.

"இங்க குத்துங்க. பயப்படாதீங்க, இருக்கு."

குத்தினார். குழாயில் ரத்தம் விறுவிறுவென்று ஏறியது. எனக்கு வலிக்கவே இல்லை.

"அடேங்கப்பா!" என்றார் அந்தப் பெண்மணி. அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களேக்கா, நீங்களே எடுத்திருக்கலாமே?"

என் மனைவி பஞ்சை எடுத்து என் கையில் வைத்து, மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவளுடைய மோதிர விரல் மட்டும் நேராக, புத்தம் புதிதாக நீட்டிக்கொண்டு நின்றது.

"எடுத்திருப்பேன்மா" என்றாள். "இவர் என்னத் தட்ட விட்டிருந்தா."